திருகிப் பாத்துதான் சொல்றேன்

போன மாசம் சிந்தசைசர், அதான் கரண்ட்ல சத்தத்த நாமளே உண்டாக்குற பொட்டி, அது பத்தி நாலு வரி எழுதுனதுக்கு இவ்ளோ கடுதாசி வரும்னு நெனைக்கல. பாதி வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டாவே வந்துருக்கு, அதுல ஒண்ணு மூணு நிமிஷத்துக்கு வெறும் கொர்ர்ர்னு சத்தம், கடைசில "இது என்னண்ணே"ன்னு ஒரே ஒரு கேள்வி. அதுக்கும் பதில் உள்ள இருக்கு. நான் கும்மோணத்துல மைக்செட் ரிப்பேர் பாத்துக்கிட்டே இந்தப் பொட்டிங்களயும் வெச்சு திருகிக்கிட்டு இருக்குற ஆளு, வித்வானும் கெடையாது எஞ்சினியரும் கெடையாது, அதனால நான் கையால திருகிப் பாத்த வரைக்கும்தான் சொல்லுவேன்.

அண்ணே, தஞ்சாவூர் காலேஜ்ல செகண்ட் இயர் படிக்கிறேன். பார்ட் டைம் போய் கொஞ்சம் காசு சேத்துருக்கேன், மொத மொதல்ல எந்த சிந்த் வாங்கலாம்? அப்பா "அதான் வீட்டுல கீபோர்டு கெடக்கேடா"ங்குறார். ரெண்டும் வேற வேறன்னு அவருக்கு எப்டி சொல்றது?
— ஒரு மாணவர், திருவையாறு

தம்பி, அப்பாகிட்ட இப்டி சொல்லுங்க. கீபோர்டு வாங்குறது கல்யாணத்துக்கு மேளம் புக் பண்ற மாதிரி, வந்து உக்காந்து வாசிச்சிட்டுப் போயிருவாங்க. சிந்த் வாங்குறது நாயனத்துல வாய் வெச்சு ஊதுற சீவாளிய நீங்களே கட்டுற மாதிரி. மொத பத்து சீவாளி ஊதாது.

உள்ள என்ன நடக்குதுன்னா, ஆசிலேட்டர்னு ஒண்ணு நிக்காம கத்திக்கிட்டே இருக்கும். அது போடுற சத்தத்துல எல்லாமே இருக்கும், காதே கூசும். அதுல வேணாத்த வழிச்சு எறியுறது ஃபில்டர். இத புரிஞ்சுக்க மெஷின் வேணாம், முகூர்த்த நாள்ல தெருவுல நடந்தா போதும். மண்டபத்துக்கு ரெண்டு தெரு தள்ளி நின்னா தவில்ல தொப்பி மட்டும் தும் தும்முனு கேக்கும், கொஞ்சம் கிட்ட போனா வலந்தலை தெரியும், அப்புறம் நாயனம் தெளிவாகும், வாசலுக்கு வந்துட்டா ஜால்ரா காத அறுக்கும். ஃபில்டர்ல கட்ஆஃப்னு ஒரு நாப் இருக்கும் பாருங்க, அத இடது கடைசிலேந்து வலது கடைசிக்கு திருப்புனா இந்த ரெண்டு தெரு நடையும் மூணு செகண்டுல முடிஞ்சிரும். மூணாவது என்வலப்பு, சத்தம் எப்டி ஏறி எப்டி நின்னு எப்டி எறங்கணும்னு சொல்றது. கோயில் மணி பட்டுனு ஏறி மெதுவா அடங்கும், ஒத்து ஊதுனா ஊதுற வரைக்கும் ஒரே மட்டத்துல நிக்கும், என்வலப்புல நாலு நாப் மாத்துனா ரெண்டும் ஒரே பொட்டில வந்துரும். ராபர்ட் மூக் 1964ல அமெரிக்காவுல செவுரு மாதிரி அடுக்கி வெச்சதும் இதத்தான், 1970ல மினிமூக்னு தூக்கிட்டுப் போற சைசுக்கு கொண்டாந்ததும் இதத்தான்.

இப்ப உங்க காசு. மூணு மாசம் தொடாதீங்க. கம்ப்யூட்டர்லயே ஓடுற சிந்த் சாஃப்ட்வேர் இருக்கு, சர்ஜ் எக்ஸ்டி, விசிவி ராக் ரெண்டும் ஃப்ரீ, வைட்டல்லயும் ஃப்ரீ வெர்ஷன் உண்டு. பழைய லேப்டாப்பா இருந்தா சர்ஜ் மட்டும் போடுங்க, விசிவி ராக் நம்ம மே மாச வெயில்ல ஃபேன கதற விடும். போட்டுட்டு ப்ரீசெட், அதான் ரெடியா வெச்சுருக்குற டோன், அது பக்கமே போகாம, வெறும் அலையிலேந்து ஆரம்பிச்சு மண்டபம், மணி, ஒத்து மூணையும் உண்டாக்கிப் பாருங்க. அப்புறமும் ஆசை இருந்தா கோர்க் வோல்கா கீஸ் மாதிரி சின்னதா ஒண்ணு வாங்குங்க. 2013ல வந்த சாமான், மூணு சுரம் ஒரே நேரத்துல பேசும், ஆறு பென்டார்ச் பேட்டரி போட்டா போதும், ஆடி மாச கரண்ட் கட்டுல ஆத்தங்கரை மண்டபத்துல உக்காந்து திருகலாம். அடாப்டர் தனியா வாங்குனா மட்டும் நடு ஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு ஒட்டியிருக்குற படத்த பாருங்க. வோல்காவுக்கு நடுவுல பிளஸ், கிட்டார் பெடல் அடாப்டர்ல பெரும்பாலும் நடுவுல மைனஸ், ரெண்டும் 9 வோல்ட்டுதான், வோல்ட்ட மட்டும் பாத்து சொருகிராதீங்க. நான் ஒரு தடவ அவசரத்துல மாத்தி சொருகி ஒரு எக்கோ பொட்டிய பொசுக்குனவன்.

எங்கப்பா நாயனம், நான் பேண்டு செட்டுல கீபோர்டு. கீபோர்டுல நாதஸ்வரம் டோன் வெச்சா அப்பா "சைக்கிள் ஹாரன் மாரி இருக்குடா"ன்னு சிரிக்கிறார். ஏன் அப்டி இருக்கு? சிந்த்ல ஒழுங்கா கொண்டார முடியுமா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

அப்பா சரியாத்தான் சொல்றார். அந்த டோனுக்கு நாலஞ்சு சுரத்த ரெக்கார்ட் பண்ணி மேலயும் கீழயும் இழுத்து வெச்சுருப்பான், நீங்க எப்ப தட்டுனாலும் அதே தொடக்கம் அதே முடிவு. அப்பா ஊதும்போது ஒரு துத்துக்காரம் (நாக்கால தட்டி ஊதுறது) மாதிரி இன்னொண்ணு இருக்குதான்னு கேட்டுப் பாருங்க.

முழுசா அப்பா மாதிரி வராது, அத இப்பவே சொல்லிடுறேன். ஆனா சைக்கிள் ஹாரன்லேந்து ரொம்ப தூரம் வரலாம். நான் ரெண்டு வருஷமா வெச்சுருக்குற பேட்ச்ச, அதான் எந்த நாப் எங்க நிக்கணும்ங்குற கணக்க, சொல்றேன். அலைய சாடூத்துல வைங்க, ரம்பப் பல்லு மாதிரி இருக்குமே அது. காரணம் இருக்கு. நாயனத்தோட உலவு மேல குறுகி கீழ விரிஞ்ச கூம்பு, கூம்புக் குழாய்ல ரெட்டை நாக்கு வெச்சு ஊதுனா அடி சுரத்தோட அதுக்கு ரெண்டு மடங்கு மூணு மடங்கு வேகத்துல கூடவே வர்ற சத்தம், அதான் ஹார்மோனிக், அது ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எல்லாமே வரும், சாடூத்துலயும் எல்லாம் இருக்கு. கிளாரினெட் நேர் குழாய், அதுல ஒண்ணு மூணு அஞ்சுன்னு ஒத்தைப்படைதான் தூக்கலா நிக்கும், அதுக்கு ஸ்கொயர் வேவ், கட்டம் கட்டமா ஏறி எறங்குற அலை. நெறைய பேரு நாயனத்துக்கு ஸ்கொயர் வெச்சுட்டு "என்னமோ மூக்கடைச்ச மாரி இருக்கே"ன்னு முழிக்கிறது இதனாலதான்.

அடுத்து மோனோ மோடு (ஒரு நேரத்துல ஒரு சுரம்தான்), லெகாட்டோ (சுரம் விடாம தொடர்றது) ஆன். ஒரு வாயி ஒரு நாயனம், கார்டு புடிக்க வேலையே இல்ல. ஏறுற நேரம் 30லேந்து 50 மில்லி செகண்டு, அதுக்கும் கொறச்சா மறுபடி ஹாரன். தொடக்கத்துல மட்டும் கண்ணு மூடி முழிக்கிற நேரத்துக்கு கொஞ்சூண்டு நாய்ஸ் சேத்துக்குங்க, அது சீவாளில காத்து புடிக்கிற அந்த 'ஃப்'. ஃபில்டர பாதி மூடி வெச்சு மாட் வீல, அதான் கட்டைக்கு இடது பக்கம் இருக்குற சக்கரத்த, ஒரே நேரத்துல வால்யூமுக்கும் கட்ஆஃப்புக்கும் கோத்து விடுங்க. இதுதான் முக்கியம், ஏன்னா அப்பா அழுத்தி ஊதுனா சத்தத்தோட பளபளப்பும் சேந்து ஏறும், நம்ம கீபோர்டுல வால்யூம் மட்டும் கூடும்.

கமகத்துக்கு எல்எஃப்ஓவ, அதான் சத்தத்த தானா மெதுவா ஆட்டுற ஆசிலேட்டர, தொடாதீங்க. எல்எஃப்ஓ போட்டா டேபிள் ஃபேன் முன்னாடி நின்னு பாடுற மாதிரி ஒரே சீரா ஆடும், கமகம் அப்டியா ஆடுது, ஒவ்வொரு ஆட்டமும் வேற அளவு வேற வேகம். சுருதிய மேலயும் கீழயும் வளைக்குற பிட்ச் பெண்டு வீல்தான் வழி. கம்பெனிலேந்து வரும்போது மேல ரெண்டு அரைச்சுரம் கீழ ரெண்டுன்னு வெச்சுருப்பான், அத நாலோ அஞ்சோ ஆக்குங்க, அப்பதான் ஒரு ஜாரு வாசிக்க எடம் கெடைக்கும். மிடின்னு எலெக்ட்ரானிக் வாத்தியங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற பாஷை இருக்கு, அதுல பெண்டுக்கு 16,384 படி இருக்கு, படி படியா தெரியுதேன்னு பயம் வேணாம், பிரச்சனை வீல்ல இல்ல, நம்ம இடது கை கட்டவெரல்ல. எனக்கு தோடி காந்தாரம் இன்னும் ஒழுங்கா புடிபடல.

ஒண்ணு செய்ங்க, நரசிங்கம்பேட்டைல ஆச்சா மரத்துல நாயனம் கடையுற எடத்துக்கு அப்பா கூட ஒரு தடவ போய்ட்டு வாங்க, 2022ல புவிசார் குறியீடு வாங்குன வேலை. புதுசா கடைஞ்ச நாயனத்துல சுதி சேக்க அடிப்பக்கத்து ஓட்டைய மெழுகு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா அடைச்சு அடைச்சு ஊதிப் பாப்பாங்க. அதப் பாத்துட்டு வந்து கட்ஆஃப் நாப புடிச்சா கை தானா மெதுவா திரும்பும்.

(மூணு நிமிஷம் கொர்ர்ர். பிறகு:) இது என்னண்ணே?
— வாய்ஸ் நோட்டு, வலங்கைமான் பக்கம்

உங்க சத்தத்த டியூனர் ஆப்ல காட்டுனேன் தம்பி. ஜின்னு காட்டுச்சு, ஆனா முள்ளு நடுவுல நிக்காம முப்பது சென்ட்டுக்கு (அரைச்சுரத்த நூறா வெட்டுனா ஒண்ணு ஒரு சென்ட்) மேல வலது பக்கம் சாஞ்சிருந்துச்சு. கண்டுபுடிச்சாச்சு. கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ், நம்ம வீட்டு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அந்த ஒரு ஹெர்ட்ஸுதான் முள்ளோட சாய்வு. நீங்க ரெக்கார்ட் பண்ணி அனுப்புனது மின்சாரத்த.

லேப்டாப் சார்ஜர புடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா எர்த் லூப்பு, அதாவது லேப்டாப்பு ஒரு வழில எர்த்துக்குப் போகுது மிக்ஸர் இன்னொரு வழில போகுது ரெண்டும் ஆடியோ ஒயர்ல கை கோத்துக்குது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க, அப்பவும் நிக்கலன்னா டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ், அதான் ரெண்டு பக்கத்து ஒயர் தொடாம சத்தத்த மட்டும் கடத்துற சின்னப் பொட்டி, நடுவுல போடுங்க. சார்ஜர புடுங்கியும் நிக்கலன்னா மிக்ஸரோட பவர் சப்ளைல பெரிய கண்டென்சர் காஞ்சுருக்கும், அப்ப சத்தம் 100 ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் கரகரன்னு வரும்.

இன்னொண்ணு, மூணு பின் ப்ளக்குல எர்த் பின்ன வெட்டிவிட்டா கொர்ர்ர் நின்னுரும்னு யாராவது சொல்லுவாங்க. நிக்கும்தான். மார்கழி மாசம் ஈரத் தரைல வெறுங்காலோட மைக் புடிக்கிற ஐயரையும் யோசிச்சுப் பாருங்க. வெட்டாதீங்க.

3.5 மில்லிமீட்டர் ஜாக்குல மிடி வர்ற சின்ன சிந்த் ஒண்ணும், வேற கம்பெனி சீக்வென்சர் (சுரத்த வரிசையா தானா வாசிக்க வைக்கிறது) ஒண்ணும் வெச்சுருக்கேன். ரெண்டுத்துலயும் ஒரே ஜாக்கு, கேபிளும் புதுசு, ஆனா பேசிக்கவே மாட்டேங்குது.
— வாசகர், பட்டுக்கோட்டை

ஒண்ணு டைப் ஏ, இன்னொண்ணு டைப் பி. உள்ள ரெண்டு ஒயர் எடம் மாறியிருக்கும், அவ்ளோதான். 2018லதான் எல்லாரும் ஏ வெச்சுக்குங்கன்னு முடிவாச்சு, அதுக்கு முன்னாடி அவனவன் இஷ்டம். ரெண்டையும் மாத்துற அடாப்டர் கெடைக்கும், சால்டர் புடிக்கத் தெரிஞ்சா ஜாக்கோட நுனி (டிப்), அடுத்த வளையம் (ரிங்) ரெண்டு ஒயரையும் நீங்களே மாத்திருங்க.

யூட்யூப் பாத்து 40106 ஐசில ஆசிலேட்டர் போட்டேன். கடைல அது இல்ல, "இதுவும் அதேதான் காலு கூட மாறாது"ன்னு 74எச்சி14 குடுத்தாங்க. 9 வோல்ட் பேட்டரி குடுத்த ஒடனே ஐசி சுட்டுச்சு, வாடை வந்துச்சு, சத்தம் வரல. ரெண்டு ஐசி போச்சு. எங்க தப்பு?
— ஒன்பதாவது படிக்கும் வாசகி, மன்னார்குடி

உன் மேல தப்பே இல்லம்மா. கடைக்காரர் சொன்னது முக்கால் உண்மை. காலு மாறாது, வேலையும் அதேதான், ஆனா 74எச்சி14 தாங்குறது 6 வோல்ட் வரைக்கும், சிடி40106 15 வோல்ட்டு வரைக்கும் கவலப்படாது. நீ 9 குடுத்த, அது வெந்துருச்சு. மூணாவதா இன்னொரு 74எச்சி14 கையில இருந்தா பழைய மொபைல் சார்ஜர்லேந்து 5 வோல்ட் குடு, பேசும்.

40106 கெடைச்சா இப்டிப் போடு. 14ஆவது காலு பேட்டரி பிளஸ், 7ஆவது மைனஸ், அந்த ரெண்டு காலுக்கும் நடுவுல ஐசிய ஒட்டுனாப்ல ஒரு 0.1 மைக்ரோ கண்டென்சர். 1ஆவது காலுக்கும் 2ஆவது காலுக்கும் நடுவுல 100கே ரெசிஸ்டர், 1லேந்து மைனஸுக்கு இன்னொரு 0.1 மைக்ரோ. தீந்துச்சு. 2ஆவது கால்ல 100லேந்து 150 ஹெர்ட்ஸுக்குள்ள ஒரு சத்தம் வரும். ரெசிஸ்டர பாதியாக்குனா சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். சும்மா கெடக்குற மத்த இன்புட் காலு எல்லாத்தையும் மைனஸ்ல கட்டிரு, விட்டா அது அந்தரத்துல ஆடி கண்டதும் பண்ணும். ஹெட்ஃபோன நேரா சொருகிராத, 9 வோல்ட்டு ஸ்கொயர் அலை காதுல அறையும். 100கே ஒண்ணு வரிசைல போட்டு அதுக்கு அப்புறம் 10கே ஒண்ண மைனஸுக்கு எறக்கி அந்த நடு எடத்துலேந்து ஸ்பீக்கர் இன்புட்டுக்கு எடு, ஒரு வோல்ட்டுக்குள்ள அடங்கிரும்.

இப்ப வேடிக்கை. அந்த ரெசிஸ்டர எடுத்துட்டு எல்டிஆர்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சம் பட்டா மாறுற ரெசிஸ்டர், பத்து ரூபாக்குள்ள வரும், அத வை. நான் ஒரு வெள்ளிக்கெழம சாயந்தரம் லைட்ட அணைச்சுட்டு காமாட்சி வெளக்குக்கு ஒரு சாண் தள்ளி வெச்சேன். சுடர் அசையுறதுக்குத் தகுந்தாப்ல சத்தம் அலையுது, யாரோ கதவத் தொறந்தாங்க, காத்து வந்து சுடர் சாஞ்சுது, சத்தம் அப்டியே மந்தரத்துக்கு வழுக்கிட்டுப் போய் திரும்ப ஏறி வந்துச்சு. வீட்டுல வெளக்குகிட்ட என்ன வெளையாட்டுன்னு திட்டு விழுந்துச்சு, அது தனி. ஒரே ஐசில இது மாதிரி ஆறு போடலாம், ஆறுக்கும் வேற வேற கண்டென்சர் வெச்சு ஒவ்வொண்ணுலேந்தும் ஒரு 100கே வழியா ஒரே எடத்துல சேத்தா கெணத்துத் தவளை கச்சேரி. ஐப்பசில நம்ம வயல்ல கேக்குறதுதான்.

நாகப்பட்டினத்துல கடல்லேந்து அரை கிலோமீட்டர்ல வீடு. மழைக்காலம் வந்தா கீபோர்டுல சில கட்டை சத்தமே வர்றதில்ல, சிலது லேசா தொட்டாலே கத்துது.
— வாசகர், நாகப்பட்டினம்

கட்டைக்கு அடில ரப்பர் மூடி வரிசையா இருக்கும், அதுக்குள்ள கருப்பா கார்பன் பொட்டு. ஒரு கட்டைக்கு ரெண்டு பொட்டு, மொதல்ல ஒண்ணு தொடும் அப்புறம் இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்துதான் நீங்க வேகமா அடிச்சீங்களா மெதுவாவான்னு அது தெரிஞ்சுக்குது. ஒரு பொட்டுல உப்பும் ஈரமும் படிஞ்சா கணக்கு தப்பிரும், ஒண்ணு ஊமையாகும் இல்ல கத்தும். பின்பக்கம் ஸ்க்ரூவ கழட்டி (எந்த ஸ்க்ரூ எங்கேந்துன்னு ஃபோட்டோ எடுத்துக்குங்க, நீளம் மாறினா மேல் மூடிய குத்திக்கிட்டு வரும்) ரப்பர் பட்டைய உரிச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால காது குச்சில தொட்டு போர்டு பக்கமும் பொட்டு பக்கமும் ஒத்தி எடுங்க. தேய்க்கக் கூடாது, கார்பன் போயிரும். நான் போன வருஷம் ஒண்ணு தொறந்தப்ப ஏ கட்டைக்கு அடில செத்த எறும்பு ஒரு வரிசையா பூந்தி மாதிரி கெடந்துச்சு, மேல வெச்சு டீ குடிச்சுருக்காங்க.

பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி மூடாதீங்க, ஈரம் உள்ளயே நின்னுரும். பழைய வேட்டிய மடிச்சுப் போட்டாப் போதும். வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஆன் பண்ணுங்க, பேட்டரி போட்டுருந்தா கழட்டிருங்க.

பாட்டு டீச்சர் நான். சுருதிப் பெட்டியோட சேத்து மாணவர்களுக்கு கீபோர்டுல சுரம் காட்டும்போது காந்தாரம் மட்டும் என்னவோ உறுத்துது. என் காது கெட்டுருச்சா, கீபோர்டு கெட்டுருச்சா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

ரெண்டும் கெடலம்மா, ரெண்டும் சொல்றது வேற வேற காந்தாரம். 1 கட்டை சுருதின்னு வெச்சுக்குவோம். தம்புரால மந்தர சட்ஜம் 65.4 ஹெர்ட்ஸ், அத மீட்டும்போது அதோட அஞ்சாவது ஹார்மோனிக் தானா கூடவே பாடும், அது 327. தம்புராவுல காந்தாரத் தந்தியே இல்லாம அந்தர காந்தாரம் கேக்குதும்பாங்களே, அது இதான். கீபோர்டுல ஒரு ஸ்தாயிய பன்னெண்டா சமமா வெட்டி வெச்சுருக்கான், அதுல அதே எடத்து காந்தாரம் 329.6. ரெண்டும் சேந்து ஒலிச்சா செகண்டுக்கு ரெண்டரை தடவ அலை அலையா ஏறி எறங்கும், உங்களுக்கு உறுத்துறது அந்த அலை. வித்தியாசம் 14 சென்ட். உங்க காது அத புடிக்குதுன்னா சந்தோஷப்படுங்க.

சாதா கீபோர்டுல இத மாத்த வழி கொறச்சல். சர்ஜ் எக்ஸ்டில ஸ்கேல் ஃபைல் ஏத்தி ஒவ்வொரு சுரத்தையும் எங்க வேணுமோ அங்க நகத்தலாம், கோர்க் மோனோலாக்லயும் முடியும். ஆனா ஒண்ணு, நகத்தி வெச்ச சுரமும் நின்ன எடத்துலதான் நிக்கும். கல்யாணிக்கு சரி பண்ணது சங்கராபரணத்துக்கு ஒத்து வந்தாலும் ஆட்டம் வராது. சுரஸ்தானம் காட்ட வெச்சுக்குங்க, ராகம் காட்ட உங்க குரல் இருக்கு.

தாராசுரம் கோயில் படிக்கட்டுல சின்ன வயசுல தட்டிப் பாத்துருக்கேன், சுரம் சுரமா வரும். இப்ப கம்பி போட்டுட்டாங்க. அந்த சத்தத்தையும் கோயில் மணி சத்தத்தையும் சிந்த்ல கொண்டு வர முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

நம்ம ஊருக்காரங்க! முடியும், ஆனா சாடூத்து ஃபில்டர் வழில முட்டி மோதாதீங்க, எஃப்எம் வழி போங்க. ஸ்டான்ஃபோர்டுல ஜான் சவுனிங்னு ஒருத்தர் 1967ல ஒரு சத்தத்த இன்னொரு சத்தத்த வெச்சு ஆட்டி விட்டுப் பாத்துருக்கார், வைப்ரேட்டோதான், ஆனா ஆட்டுற வேகத்த ஏத்திக்கிட்டே போக ஒரு கட்டத்துல ஆட்டமா கேக்காம புது நாதமாவே மாறிருச்சு. யமஹா அத வாங்கி 1983ல டிஎக்ஸ்7 போட்டான். அதே மெஷின கம்ப்யூட்டர்ல டெக்ஸ்டுன்னு ஃப்ரீயா வெச்சுருக்காங்க.

அதுல ஆப்பரேட்டர்னு சத்தம் போடுற துண்டு ஆறு இருக்கும், ரெண்டு மட்டும் வெச்சுக்குங்க, ஒண்ணு பாடுறது, ஒண்ணு ஆட்டுறது. ரெண்டு வேகமும் 1க்கு 1, 1க்கு 2ன்னு முழு எண்ணா இருந்தா கொழல் மாதிரி சுத்தமா வரும். 1க்கு 1.4ன்னு வெச்சுப் பாருங்க, சட்டுனு வெண்கலம். மணில பிறக்குற சத்தமெல்லாம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசைல நிக்காது, கோணல் மாணலாதான் நிக்கும், அதான் காரணம். ஆட்டுற ஆப்பரேட்டர் மொதல்ல அடங்கணும், பாடுறது அப்புறமா அடங்கணும். அடிச்ச ஒடனே கணகணன்னு கூர்மையா இருந்து போகப் போக வெறும் ஊஊஊம்னு நிக்குது பாருங்க, சாயரட்சை மணி முடிஞ்சதும் தூண்ல காத வெச்சா கேக்குமே, அந்த எடம்.

கல்லுக்கு, அடங்குற நேரத்த கால் செகண்டுக்கும் கீழ எறக்குங்க, விகிதத்த 1க்கு 2.76 வைங்க. ரெண்டு முனையும் விட்டு நிக்குற நீளக் கட்டைய தட்டுனா ரெண்டாவது நாதம் சுமாரா அந்த எடத்துலதான் வரும், படிக்கட்டு அவ்ளோ ஒழுங்கான கட்டை இல்ல, அங்கேந்து காதால நகத்திக்குங்க. ரெண்டாம் ராஜராஜன் காலத்து தச்சர் எந்த விகிதத்துல செதுக்குனாரோ, கம்பிக்கு வெளில நின்னு நாம தேடிக்கிட்டு இருக்கோம்.

எனக்கு 71 வயசு. பேரன் ரூமுக்குள்ள ஒயரா தொங்குது, கேட்டா சிந்தசைசர்ங்குறான். தியாகராஜர் பொறந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு வெள்ளைக்காரன் பொட்டி நமக்கு எதுக்கு தம்பி?
— பெரியவர், திருவாரூர்

ஐயா, கோவப்படாம கேளுங்க. 1969லயே அகமதாபாத்துல தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல ஒரு மூக் சிந்தசைசர் வந்து எறங்கிருச்சு, அமெரிக்காவுலேந்து டேவிட் டியூடர்ங்குறவர் வந்து மாட்டிக் குடுத்தார். அதுல வேலை செஞ்சவங்கள்ல கீதா சாராபாய் அம்மா ஒருத்தர், பக்வாஜ் வாசிச்சவங்க, 1946ல நியூயார்க் போயிருந்தப்ப ஜான் கேஜுங்குற அமெரிக்க இசையமைப்பாளருக்கு நம்ம சங்கீதம் சொல்லிக் குடுத்தவங்க. வெள்ளைக்காரரு நம்ம அம்மாகிட்ட படிச்சுருக்கார், வெள்ளைக்காரர் பொட்டிய நம்மவங்க திருகியிருக்காங்க. 1979ல பெங்களூரு ராஜ் நாராயண் எலெக்ட்ரானிக் தம்புரா பண்ணார், இன்னிக்கி அது மாதிரி பொட்டி இல்லாத பாட்டு க்ளாஸ் உண்டா சொல்லுங்க. பம்பாய்ல சரண்ஜித் சிங் 1982ல ரோலண்டு டிபி-303ன்னு ஒரு சின்னப் பொட்டியையும் சேத்து வெச்சு சிந்த்ல ராகம் வாசிச்சு ரெக்கார்ட் போட்டார், அப்ப ஒருத்தரும் சீந்தல, 2010ல மறுபடி வந்தப்பதான் ஐரோப்பாவுல எல்லாரும் வாயப் பொளந்தாங்க.

உங்க கோயில்லயே பஞ்சமுக வாத்தியம் இருக்குல்ல ஐயா. ஒரே கொடம், அஞ்சு வாய், அஞ்சுக்கும் அஞ்சு சத்தம், ஒரே ஆளு உக்காந்து வாசிக்கிறது. பேரன் ரூம்ல ட்ரம் மெஷின்னு சின்னதா ஒண்ணு இருக்கும், அதுவும் அந்தக் கணக்குதான். பேரன ஒரு நாள் கூட்டிட்டுப் போய் அந்த வாத்தியத்தக் காட்டுங்க, அவன் ரூமுக்குள்ள அவன் உங்களுக்கு காட்டட்டும்.

எங்க வீட்டுக்காரர் மாசாமாசம் ஒரு பொட்டி வாங்குறார். மாட்யூல்னு ஒண்ணு, விரல் நீளம் இருக்கு, வெல கேட்டா எனக்கு தலை சுத்துது. வாங்குன அன்னிக்கு நாலு மணி நேரம் பீப் பீப்னு திருகுறார், அப்புறம் அடுத்தது தேடுறார். ஒரு பாட்டு கூட இதுவரைக்கும் முடிக்கல. என்ன பண்றது?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

தங்கச்சி, அது யூரோராக்கு, சின்னச் சின்ன மாட்யூல ஒரு சட்டத்துல மாட்டி ஒயர்ல கோத்து சிந்த் ஆக்குறது. ஜெர்மனில டீட்டர் டோப்ஃபர்ங்குறவர் 1990கள்ல ஆரம்பிச்சு வெச்ச வெனை. உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்த எச்பின்னு அளப்பாங்க, ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர். சட்டத்துல பத்து எச்பி காலியா இருந்தா அவங்களுக்கு தூக்கம் வராது, வயல்ல ஒரு மூலை நடாம கெடந்தா நம்ம பெரியவங்களுக்கு இருந்த மாதிரி. நல்லவேளையா ஃப்ரீ மாட்யூல் ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டர்ல இருக்கு, விசிவி ராக்க போட்டுக் குடுங்க, புதுசா எது வாங்குறதா இருந்தாலும் அதுல ஒரு மாசம் ஓட்டிக் காட்டணும்னு கண்டிஷன் போடுங்க. பாட்டு முடிக்கலன்னு சொல்றீங்களே, அத மட்டும் விட்டுருங்க. சில பேரு மீன் புடிக்க ஆத்துக்குப் போறது மீனுக்கு இல்ல.

ஆனா ஒண்ணு கேட்டு வெச்சுக்குங்க. அந்த மாட்யூலுக்குப் பின்னாடி ஒரு பட்டை ஒயர் இருக்கும், ஒரு ஓரத்துல செகப்பு கோடு. செகப்புன்னா பிளஸ்ஸுன்னு எல்லாரும் நெனைப்போம், அங்க செகப்பு மைனஸ் 12 வோல்ட்டு. திருப்பி சொருகுனா அவ்ளோதான், உங்களுக்கு தலை சுத்துன அந்த வெல ஒரு பொட்டுப் பொகையா போயிரும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒயர் மாத்த விடாதீங்க, எனக்கு நடந்தது பதினொண்ணேகாலுக்கு.

உங்ககிட்ட மொத்தம் எத்தன சிந்த் இருக்கு?
— வாசகர், பேராவூரணி

எங்க வீட்டுலயும் இந்தப் பத்திரிகை வாங்குறாங்க. அடுத்த மாசம் பாக்கலாம்.